தங்கராஜ் சேரின் ழகரம்

கடைசிப் பாட்டைப் பாடியது தங்கராஜ் சேர்தானா? இதற்கு எனக்குப் பதில் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை அறிந்தவர்கள் அந்தப் பதிலைத் தேடி இதை வாசிக்க வேண்டாம்.

அவர் இறந்த செய்தி பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் வெலிமடையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் இருந்தேன். செய்திக்குக் கீழே யாரோ அந்தப் பாட்டையும் போட்டிருந்தார்கள். அவர் நோயாளி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் செய்தியை உடனே நம்பினேன். பாட்டைத்தான் அப்போதும் நம்ப முடியவில்லை.

எங்கள் பாடசாலையில் அவர் விஞ்ஞானம் படிப்பித்தார், நான் தமிழ். மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்து வளர்ந்தவர். தானே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, பதுளையில் தன் வாடகை வீட்டிலேயே கணினியில் பதிவுசெய்து எல்லோருக்கும் அனுப்புவார். நடுவயதில் பிடித்துக்கொண்ட விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒருமுறை தவணைப் பரீட்சை வினாத்தாளைக் கொடுப்பதற்காக அங்கே போனேன். அவர் மனைவி ரஞ்சிதம் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். பக்கத்து அறையில் அலுமாரியின் இரண்டு கதவுகளையும் விரித்து, மேலே கம்பளியைப் போட்டு, அந்த இடைவெளிக்குள் மைக்கோடு தலையை நுழைத்துக்கொண்டு அவர் பாடிக்கொண்டிருந்தார். இங்கே அடுப்பிலிருந்த குக்கரை ரஞ்சிதம் இறக்கி வைத்திருந்தார். விசில் வந்தால் பாட்டில் விழுந்துவிடுமாம். "சேர் பாடினா எங்க வீட்டுல பருப்பு வேகாது டீச்சர்," என்று ரஞ்சிதம் காதோடு சொன்னார்.

பாடி முடித்ததும் சேர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அலை அலையாகக் கிடந்த கோட்டில், தான் மூச்சு இழுத்த இடங்களை விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். அவற்றை வெட்டிவிடலாமே என்றேன். "மூச்ச வெட்டிட்டா பாடுறது யாருன்னே தெரியாம போயிரும்," என்றார்.

தேயிலைக் கொழுந்து அவர் பாட்டுகளில் அடிக்கடி வரும். எப்போதும் 'கொளுந்து' என்றுதான் பாடுவார். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் அதைத் திருத்திக்கொள்ளக் கூடாதா என்று ஆசிரியர் அறையில் கேட்டேன். "எங்க மலையில கொளுந்துதான் டீச்சர். ழ போட்டா கொளுந்து நிறுக்குற தராசு ஏத்துக்காது," என்றார். அறையே சிரித்தது. அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை. என் கருத்து மாறவும் இல்லை.

நோய் முற்றிய பிறகு பாடசாலைப் படிகளில் நின்று நின்றுதான் ஏறுவார். அந்தக் காலத்தில் வந்தது கடைசிப் பாட்டு. நீளமான பாட்டு. தொடக்கம் முதல் முடிவு வரை ஓரிடத்திலும் மூச்சு இல்லை. பல்லவியில் 'கொழுந்து' என்று அப்பழுக்கில்லாத ழகரம். என் மாணவர்களிடம் நான் கேட்டே அறியாத ழகரம். குரலின் மாதிரியையும் வரிகளையும் கொடுத்துவிட்டால் இப்போது கணினியே பாடிவிடுகிறது. பிள்ளைகள் எனக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள். அவரே ஒவ்வொரு வரியாகப் பாடி, இளைப்பாறி, ஒட்டியிருக்கவும் கூடும். ஆனால் மூச்சை வெட்டமாட்டேன் என்றவர் ஏன் வெட்டினார்? 

அவரிடமே கேட்டேன். "சந்தேகமா இருக்கா டீச்சர்? அப்ப பாட்டு நல்லா வந்திருக்கு," என்றார். அது பதிலில்லையே என்றேன். இல்லைதான் என்று ஒப்புக்கொண்டு, வகுப்புக்குப் போய்விட்டார்.

கருமாதிக்கு முதல்நாள் ரஞ்சிதம் என் வீட்டுக்கு வந்தார். காரியம் மடுல்சீமையில், சேரின் அண்ணன் வீட்டில். படையல் வைக்கும்போது அந்தப் பாட்டைப் போடவேண்டும் என்று ரஞ்சிதத்துக்கு ஆசை. தம்பி படத்துக்கு முன்னால் மெஷின் பாட்டு வேண்டாம் என்று அண்ணன் மறுத்துவிட்டாராம்.

"அவரு கொரலுதான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் டீச்சர். நீங்க முகத்துக்காகப் பேச மாட்டீங்கன்னு அவங்களுக்கும் தெரியும்."

அதனால்தான் சொல்ல முடியாது என்றேன். அவர் பாடியதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கதவு சாத்தியிருந்தது என்றார். பிறகு, "அன்னிக்கு நான் குக்கர எறக்கி வச்சேன். அதுதான் எனக்குத் தெரியும்," என்றார்.

சேர் நினைவாக என் கைப்பேசியில் வைத்திருப்பது முன்பு எப்போதோ அவர் அனுப்பிய வேறொரு பாட்டு. அதில் பதிவை நிறுத்த மறந்திருக்கிறார். பாட்டு முடிந்ததும் ஒரு பெருமூச்சு கேட்கிறது, பிறகு "ஆச்சு, அடுப்புல வை" என்கிற குரல், குக்கர் மூடியின் சத்தம். அது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் மடுல்சீமையில் கருமாதியின்போது நடந்தது இதுதான். லயத்து வாசலில் வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் அண்ணன் கேட்டார்: "சொல்லுங்க டீச்சர், இது தம்பி பாடுனதா?" தெரியாது என்றேன். மூச்சைப் பற்றியும் ழகரத்தைப் பற்றியும் சொன்னேன். குக்கரைப் பற்றியும் சொன்னேன். ரஞ்சிதம் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் தம்பியின் படத்தைப் பார்த்தபடி நின்றார்.

"குக்கர எறக்குனியா?" என்று ரஞ்சிதத்திடம் கேட்டார்.

"எறக்குனேங்க மாமா."

"அப்ப போடு."

ரஞ்சிதம் பாட்டைப் போட்டார். பல்லவி இரண்டாம் முறை வந்தபோது மலையில் சேரோடு வளர்ந்த பெண்கள் கூடவே பாடத் தொடங்கினார்கள். கைப்பேசியில் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். 'கொளுந்து' என்றுதான் பாடினார்கள். அண்ணனும் அப்படித்தான் பாடினார். ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வந்த ழகரம் எனக்குக் கேட்கவில்லை. ரஞ்சிதம் சத்தத்தைக் கூட்டவில்லை.