குடிகாட்டில் பறந்த கறுப்புத் தூள்

ஓய்வுபெற்ற பிறகு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போய், குடிகாட்டில் ஒரு லாரி அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே ரசாயனத் தொழிற்பேட்டை; அவ்வப்போது கேஸ் கசியும். மூக்கில் ஏதாவது ஏறினால் அங்குள்ளவர்கள் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்கள்; பிறகு அதற்குக் குறுக்கே ஓடுவார்கள். நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ள எல்லோர் மேஜையிலும் ஒரு துண்டு இருக்கும்.

போன மழைக்காலத்தில் ஜெராக்ஸ் மெஷினில் பிரதிகள் வெளிறி வந்தன. அடர்த்தியைக் கடைசிவரை கூட்டிப் பார்த்தேன். எழுத்து கறுக்கவில்லை, தாள்தான் சாம்பல் பூத்தது. மெக்கானிக் வரும்வரை யாரும் திறக்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்குப் படித்தவன் என்ற திமிர். எல்லா மெஷினுக்கும் சேரும் என்று கடலூரில் ஒரு கடைக்காரர் கொடுத்த டோனர் மைத்தூளை, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே கொட்டினேன். பாதி சிந்தியது. மூடிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

பில் போடும் பெண் முதலில் திரும்பி வந்தாள். பிள்ளைத்தாய்ச்சி; நிறைமாதத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் பொத்தானை அழுத்தியதும் மெஷினின் காற்றாடி சிந்திய தூளில் கொஞ்சத்தை மெல்லிய புகைபோல அவள் முகத்தில் அடித்தது. அவள் இருமினாள். அதைக் கேட்டு வாசலில் யாரோ கத்தினார்கள்.

“கேஸு வுட்டுட்டானுங்க! ஓடுங்க!”

“மச்சான், செருப்ப அப்பறம் தேடலாம், வாடா!”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியே ஆலைப் புகை சாயும் திசையைப் பார்த்துவிட்டு ஓடினாள். அது கேஸ் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். கறுப்பு ஒட்டியிருந்த கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“மாமா, உள்ள அசையவே இல்ல மாமா.”

அப்போதும் சொல்லவில்லை.

“எந்த கேஸுன்னு தெரியாம நான் என்னத்த குடுக்கறது?” என்று டாக்டர் சத்தம் போட்டபிறகுதான் அவரைத் தனியே அழைத்துச் சொன்னேன்.

“வயசானவரு, வந்ததுமே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்றார்.

நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்தாள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டது.

அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். சொல்லவில்லை. அவள் வேலையை விட்டுவிட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மெஷினுக்குள் ஈரம் பூத்திருந்த கண்ணாடியைத் துடைத்திருந்தாலே போதும் என்பது பின்னால் தெரிந்தது.

ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் கூப்பிடுவாள். “கை காலு நல்லாருக்குன்னாங்க. ஆனா கேஸு உள்ள போயிருந்தா இப்பத்துக்குத் தெரியாதாமே மாமா?” நான் தைரியம் சொல்வேன்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பயம் மட்டும் அவளை விடவில்லை. போன வாரம் கூப்பிட்டாள்.

“பாப்பா தும்மிக்கிட்டே இருக்கா மாமா. அந்த கேஸா இருக்குமா?”

சொன்னேன். டோனர் கொட்டியதிலிருந்து டாக்டரிடம் கேட்டுக்கொண்டதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் குழந்தை சிணுங்கியது.

“ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எங்க வூட்டுக்காரருக்குக்கூட அப்பறந்தான். ஒங்களுக்குத்தான மாமா மொதல்ல போன் பண்ணேன்” என்றாள்.

அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை.