அறுபதையும் விடு

ஹட்டனில் நான் நெட்வேர்க் படிப்பித்த வகுப்பில் வயதில் மூத்தவர் என்னைவிட ஒன்பது வயது பெரியவர். நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். முதல் நாளே என்னைக் கதவருகில் நிறுத்தி, "மிஸ், என்னைய கேள்வி கேட்டு எழுப்பி நிக்க வச்சிராதீங்க, இவனுங்க சிரிப்பானுங்க" என்று கேட்டுக்கொண்டார். கடைசிவரை நிற்க வைக்கவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்துவிட்டேன்.

வகுப்பு ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடந்தது. கம்பியூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற ஸ்விட்ச் பெட்டிகள், கொழும்பில் கழித்துக் கட்டிய பழையவை, மூன்று எங்களிடம் இருந்தன. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் எழும் இரைச்சலில், கீழேயிருந்து கடை முதலாளி ஹாஜியார் ஆள் அனுப்பி "மேல என்னா அரைக்கிறீங்க?" என்று விசாரிப்பார். ஆறு மாதத்தில் நெட்வேர்க் இன்ஜினியர் ஆகலாம் என்று எங்கள் நிறுவன முதலாளி நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஒட்டியிருந்தார். ஆறு மாதத்தில் நுவரெலியாவில் கரட் இரண்டு தடவை போட்டு எடுக்கலாம், இன்ஜினியரை எடுக்க முடியாது என்று அவரிடமே சொன்னேன். சிரித்துவிட்டு இன்னொரு கட்டு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார்.

பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளைகள் ஆங்கிலப் பக்கத்தைக் கண்டாலே வாயடைத்துப் போவார்கள். அதனால் நான் தமிழில் இறங்கினேன். பெரிய கட்டிடங்கள் பல உள்ள இடத்தில் ஒரே வலையமைப்பைப் பல குழுக்களாகப் பிரிப்போம்; ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எண் உண்டு. அந்தக் குழுவை, தோட்டத்தில் வரிசையாக ஒட்டி நிற்கும் தொழிலாளர் வீடுகளைப் போல, லயம் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரே லயத்துக்குள் யாரும் யாரையும் கூப்பிடலாம். பக்கத்து லயத்துக்குப் போக வேண்டுமென்றால் ரோட்டுக்கு வந்துதான் போக வேண்டும். ரோட்டையும் தெரிந்து வைத்திருக்கிற ஸ்விட்ச் ஒன்று உண்டு, பல அடுக்கு ஸ்விட்ச் என்பது அதைத்தான். இப்படிச் சொன்னதும் அண்ணன் பின் வரிசையிலிருந்து, "அப்ப அதுதான் மிஸ் நம்ம தோட்டத்து ஒபீஸு" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு அன்று வந்த கர்வம் கொஞ்சமல்ல.

அவர் எல்லாவற்றையும் கொப்பியில் தமிழில்தான் எழுதுவார். ஆங்கிலக் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் அப்படியே ஒலிக்கு ஒலி எழுதிக்கொள்வார். நான் சொல்வது ஒரு சொல் தப்பாது. நான் இருமியதைக்கூட எழுதியிருப்பார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அவர் எதற்காக வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி பதினேழு வயதிலிருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். முழங்கால் இரண்டும் போய்விட்டன. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, மலையில் ஏறும்போது கையை ஊன்றித்தான் ஏறுவாராம். நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் வலையமைப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். ஆறு மாதம் தற்காலிகம். நிரந்தரமானால் வேலையாட்கள் விடுதியில் குடும்பத்தோடு இருக்க இரண்டு அறை தருவார்கள். "அவள மலையில இருந்து எறக்கணும் மிஸ், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார். நானே சிபாரிசுக் கடிதம் எழுதினேன். வேலை கிடைத்தது.

ஆறாவது மாதம் பிறந்தபோது மெனேஜர் அவரிடம், இன்னும் ஒரு வாரத்தில் நிரந்தர நியமனக் கடிதம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் மனைவி தோட்டத்துத் தொழிலாளர் பதிவில் தன் பெயரை வெட்டச் சொல்லிவிட்டார். அண்ணன் அதை எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறவரிடம் என்னத்தைச் சொல்வது?

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

இரண்டு ஸ்விட்ச்களுக்கு நடுவே போகும் ஒரு கேபிளில் பல குழுக்களின் போக்குவரத்து ஒன்றாகப் போகும். எந்தெந்த எண் போகலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். புதிதாக அறுபதாம் எண்ணைச் சேர்க்க வேண்டுமென்றால், கட்டளையில் எண்ணுக்கு முன்னால் 'எட்' என்று ஒரு சின்ன ஆங்கிலச் சொல் போட வேண்டும். சேர் என்று அர்த்தம். அது விடுபட்டால் ஸ்விட்ச் சண்டை பிடிக்காது, எச்சரிக்காது. பழைய பட்டியலை முழுவதும் அழித்துவிட்டு அறுபதை மட்டும் வைத்துக்கொள்ளும்.

நான் வகுப்பில் என்ன சொல்வேன்? "இப்ப அறுபதையும் விடு" என்பேன். போக விடு என்று அர்த்தம். அந்த 'உம்' என்னைப் பொறுத்தவரை 'எட்'. என் விரல் அதைத் தானாக அடித்துவிடும். வாய் சொல்லாது. புரொஜெக்டர் பாதி நாள் எரியாது, பிள்ளைகள் என் வாயைப் பார்த்துத்தான் எழுதினார்கள். அச்சடித்த ஆங்கில நோட்ஸில் எல்லாம் சரியாகவே இருந்தது. அதை யார் படித்தார்கள்? படிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதானே தமிழில் இறங்கினேன்.

பயிற்சியில் ஏன் பிடிபடவில்லை என்றும் யோசித்துப் பார்த்தேன். புதிதாகச் சேர்த்த எண் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்போம். வேலை செய்தால் கை தட்டுவோம். பழைய எண்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று யாரும் பார்த்ததில்லை, நானும் பார்க்கச் சொன்னதில்லை. பிறகு எல்லாவற்றையும் அழித்து அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிடுவோம்.

அந்தக் கடிதம் வருவதற்குள், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வகுப்பின் நடுவில் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. ஹோட்டலில் புதிதாகக் கட்டிய தனி வீடுகளின் கெமராக்களுக்கு அறுபதாம் எண்ணைக் கொடுத்திருந்தார்கள்.

"மிஸ், அறுபது வேல செய்யுது. மத்தது ஒண்ணுமே வேல செய்யல."

"எட் போட்டீங்களா அண்ணே?"

"அது எங்க மிஸ் போடணும்?" கொப்பியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நீங்க அறுபதையும் விடுன்னுதானே மிஸ் சொல்லுவீங்க. நான் விட்டேன்."

அவர் மெயின் கட்டிடத்தில் ஸ்விட்ச் அறைக்குள் இருந்திருக்கிறார். திரையில் புதுக் கெமராக்கள் ஒவ்வொன்றாக எழும்புவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்திருக்கிறார். ரிசெப்ஷன் அடுத்த கட்டிடத்தில். அங்கே கம்பியூட்டர்கள் செத்துவிட்டன, அறைச் சாவி அட்டை அடிக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. இரண்டு பஸ் நிறைய வெளிநாட்டுப் பயணிகள் பெட்டிகளோடு நிற்கிறார்கள். அண்ணனைக் கூப்பிடலாமென்றால் ஹோட்டல் தொலைபேசிகளும் அதே கேபிளில்தான், அவருடைய கைபேசி எண் அங்கே யாரிடமும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒருவர் மழையில் ஓடி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. மெனேஜர் வந்து ஸ்விட்சை நிறுத்திப் போடச் சொல்லியிருக்கிறார். சாதாரணமாக அது போதும், சேமிக்காத மாற்றம் போய்ப் பழையது வந்துவிடும். ஆனால் ஹட்டனில் எந்த நிமிடமும் கரண்ட் போகும் என்பதால், ஒரு வரி அடித்தால் உடனே சேமித்து வை என்று நான்தான் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் சேமித்து வைத்திருந்தார்.

"எல்லா நம்பரையும் போக விடுங்க" என்று சொல்லி, எழுத்து எழுத்தாகக் கட்டளையைச் சொன்னேன். மூன்று தடவை பிழையாக அடித்தார். நாலாவது தடவை எல்லாம் திரும்பி வந்தது. எனக்கு எதிரே வகுப்பு முழுவதும் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். ஏறுவதற்கு முன் எங்கள் முதலாளி கூப்பிட்டு, "அந்த ஹோட்டல் நம்மகிட்ட இருந்து இன்னும் மூணு பேர எடுக்கிறதா சொல்லியிருக்கு. பாத்துப் பேசுங்க மிஸ்" என்றார். பார்த்துப் பேசுவது என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? இருந்தாலும் தலவாக்கலை தாண்டும் வரைக்கும் பேச வேண்டியதைச் சிங்களத்தில் மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். இந்த 'உம்' விஷயத்தைச் சிங்களவருக்கு விளக்குவது ஒன்றும் கஷ்டமில்லை. அவர்களுக்கும் அப்படி ஒரு வால் இருக்கிறது. எண்ணின் முடிவில் 'த்' சேர்த்தால் அதே அர்த்தம் வரும். ஒரு நிமிடத்தில் புரிய வைக்கலாம்.

மெனேஜர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். அண்ணன் ஒரு ஓரமாக நின்றார். அவரை உட்காரச் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து ஹோட்டல் சொந்தக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுத் திட்டியதாக மெனேஜர் சொன்னார். பிறகு சிங்களத்தில் என்னிடம், "மிஸ், இந்தக் கட்டளையை நீங்கள் இவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் என் நாக்கில் இருந்தது, பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பதில். ஆனால் என் கை பைக்குள் போய் அச்சடித்த நோட்ஸை எடுத்தது. பக்கத்தைத் திருப்பி அவர் முன் வைத்து, "நோட்ஸில் சரியாக இருக்கிறது சேர்" என்றேன். அது பொய் இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

மெனேஜர் அந்த வரியைப் படித்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணன் நல்ல சிங்களத்தில், "ஆமாம் சேர். மிஸ் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தார். எனக்குத்தான் மறந்துவிட்டது" என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தொண்டை அடைத்துக்கொண்டது என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். ஒன்றும் அடைக்கவில்லை. பேசாமல் இருந்தேன். இந்த மாதத்தோடு நின்றுகொள்ளட்டும், நல்ல மனிதர், ஆனால் நிரந்தரமாக்க முடியாது என்றார் மெனேஜர். மற்ற மூவரையும் அடுத்த மாதம் ஒன்றாம் திகதி அனுப்பச் சொன்னார். எழும்பும்போது நான் அவருக்கு நன்றியும் சொன்னேன்.

வாசலில் வந்து அண்ணன் என்னிடம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ, "மிஸ், ஒரு நாளைக்கு வீட்டுக்கு வந்து அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா, குடிச்சிட்டு ஏதோ பண்ணிட்டேன்னு நெனைக்கிறா" என்றார். அவர் குடிப்பதை விட்டு ஐந்து வருடமாகியிருந்தது.

வருகிறேன் என்றேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை தள்ளிப் போட்டேன். ஒரு தடவை தலைவலி, ஒரு தடவை மழை, ஒரு தடவை காரணமே இல்லை. அந்த மூவரும் ஹோட்டலில் சேர்ந்த பிறகுதான் போனேன்.

லயத்தில் அவர்கள் வீடு கடைசி வீடு. வாசலில் கால் துடைக்கத் தடித்த துணி ஒன்று கிடந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு. பாதியாக வெட்டிப் போட்டிருந்தார்கள். இனி தேவைப்படாது என்று நினைத்த நாளில் மனைவி வெட்டியிருப்பார் போல. உள்ளே கொடியில் புதிய படங்கு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

வெட்டிய பெயரைத் தோட்டம் திரும்பப் பதியவில்லை. கைக்காசுக்கு மட்டும் வரச் சொன்னார்களாம். எடுத்த கொழுந்துக்கு அன்றன்றைக்குக் கூலி, வேறு எந்த உரிமையும் கிடையாது. பெயர் இருந்த காலத்தில் முழங்காலுக்கு மருந்தாவது தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைத்தது என்று அண்ணன் மெல்லச் சொன்னார். மனைவி ஒரு காலை நீட்டியபடி அடுப்பருகே உட்கார்ந்து எனக்குத் தேநீர் ஊற்றினார்.

சொல்ல வந்ததைச் சொன்னேன். அண்ணன் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன கதையை இல்லை, நடந்ததை. 'உம்' என்று நான் விழுங்கிய சொல்லையும், சேமித்து வை என்று நான் குட்டியதையும், நோட்ஸைத் திறந்து காட்டியதையும் சொன்னேன். அண்ணன் இரண்டு தடவை "விடுங்க மிஸ்" என்று குறுக்கே வந்தார். விடவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னேன், அந்த அழுகையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் மனைவி கடைசிவரை கேட்டார்.

"இத அங்கயே சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றார். சத்தம் கூட்டவில்லை. நியாயம் கேட்பது போலவும் இல்லை.

"சொல்லியிருக்கலாம் அக்கா."

"இப்பப் போயி சொன்னா அந்த ஐயா கேப்பாரா?"

"அந்த எடத்துக்கு ஆள் போட்டுட்டாங்க அக்கா."

அண்ணன் எழும்பி வெளியே போனார். யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த மூவரில் ஒருவன், என் வகுப்பில் ஆறு மாதமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், அவருடைய கொப்பியைப் பார்த்து எழுதியவன். சிபாரிசுக் கடிதத்தை இந்தத் தடவையும் நான்தான் எழுதினேன்.

மனைவி யாரென்று கேட்கவில்லை. சீனி போதுமா என்று கேட்டார்.