கை வைக்காத முகம்

தெருவில் எல்லோருக்கும் அவர் 'டச்சப்' அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. அவருடைய ஸ்டூடியோவுக்குள் வந்து உட்கார்ந்த எந்த முகத்தையும் அவர் வந்தபடியே திருப்பி அனுப்பியதில்லை. படத்தைக் கணினியில் ஏற்றியதும் கை தானாக ஓடும். கண்ணுக்குக் கீழே தொங்கும் பை காணாமல் போகும். மரு மறையும். விரிந்த காது கொஞ்சம் அடக்கமாக உள்ளே வரும்.

"அண்ணே, நான் இப்படியா இருக்கேன்?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்பார்கள்.

"இப்படித்தான் இருக்கே. உனக்குத்தான் தெரியல" என்பார். பொய் சொல்கிறோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மனிதனுக்குக் கொஞ்சம் ஆறுதல் கொடுக்கிற தொழில் என்றே நினைத்திருந்தார்.

விசாப் படத்துக்கு வருபவர்கள் விஷயத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொள்வார். அங்கே விளையாட்டு செல்லாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெருவில் விமானம் ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் எடுத்த படத்தோடுதான் ஏறினார்கள். அவர் மட்டும் எங்கும் போனதில்லை. கேட்டால் கடையைக் காட்டுவார்.

அப்படிப்பட்டவரை ஒரு போன் அசைத்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் மகள் பேசினாள்.

"மாமா, அம்மாவுக்கு ஆளுங்க அடையாளம் மறந்துகிட்டே வருது. நேத்து பக்கத்து வீட்டுக்காரங்கள யாருன்னு கேட்டாங்க. உங்களப் பத்தி மட்டும் இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க. சீக்கிரம் வந்துட்டுப் போயிடுங்க மாமா. அப்புறம் வந்து பிரயோஜனம் இல்ல."

சின்ன வயதில், அம்மா வேலைக்குப் போய்விடும் வீட்டில், அவரைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி, முரண்டு பிடித்தால் முதுகில் ஒன்று வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனவள் அந்த அக்காதான். கல்யாணமாகிக் கடல் தாண்டியவள் ஊருக்கு வந்து போனதும் பல வருடங்களுக்கு முன்பு. இவரோ போனில் பேசுவதோடும் வருடத்துக்கு ஒரு படம் அனுப்புவதோடும் சரி. வீடியோவில் வரவே மாட்டார். போன் கேமரா மூக்கைப் பெரிதாக்கிவிடுகிறது என்று தொழில்ரீதியாக ஒரு காரணம் வைத்திருந்தார். போனை வைத்தவர் அன்று கடையைத் திறக்கவில்லை.

சுற்றுலா விசாவுக்கான காகிதங்களை மனைவி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பையில் அடுக்கினாள். அக்கா மகள் அழைப்புக் கடிதம் அனுப்பினாள். மிச்சம் இருந்தது படம்தான். அது தன் வீட்டுச் சமாச்சாரம் என்று அவர் கடைசிவரை அலட்டிக்கொள்ளவில்லை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, விளக்கைச் சரிபார்த்து, மனைவியை அழுத்தச் சொல்லி, தானே நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிறகு கணினி முன்னால் போனார். விசாப் படத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். இடது கண்ணுக்குக் கீழே ஒரே ஒரு சுருக்கம், அவ்வளவுதான் என்று ஆரம்பித்தார். அது போனதும் வலது கண் கோபித்துக்கொண்டது. அதைச் சமாதானப்படுத்தினால் கன்னம் தொங்கியது. கன்னத்தைத் தூக்கியதும் முன்மண்டை வெறிச்சென்று தெரிந்தது. அதற்கும் ஏதோ செய்தார்.

பிரிண்டைப் பார்த்த மனைவி, "யாருங்க இந்த மாப்பிள்ளை?" என்று சிரித்தாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதிலேயே உஷாராகியிருக்க வேண்டாமா மனுஷன்!

விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"சார், உங்க பையன் படத்த மாத்தி வெச்சிட்டீங்க."

"நான்தாம்மா அது."

"எப்ப எடுத்தது?"

"இந்த வாரம்தான்."

அவள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். "திருத்தின படத்த வாங்க மாட்டோம் சார்."

"நான் போட்டோக்காரன்மா" என்றார், அதுவே போதும் என்பதுபோல.

"அது படத்தப் பாத்தாலே தெரியுது சார். அந்த ஓரத்துல மெஷின் இருக்கு. அதுல எடுத்துக் குடுத்தா இன்னிக்கே சேர்த்துடறேன். இல்லன்னா புதுசா தேதி வாங்கணும், அடுத்த மாசம் ஆயிடும்."

அந்தப் பெட்டியை அவருக்குத் தெரியும். ஆளே இல்லாமல் படமெடுத்துத் தள்ளி, தன் வாடிக்கையாளர்களை விழுங்குகிறது என்று நெடுநாளாக அதைக் கரித்துக்கொட்டி வந்தவர். இன்று அதன் வாய்க்குள் தானே தலையைக் கொடுக்க வேண்டும். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். அடுத்த மாதம் என்ற சொல் நெஞ்சில் உறுத்தியது. அக்காவுக்கு அடுத்த மாதம் யார் நினைவிருக்கும்?

திரையை விலக்கி உள்ளே உட்கார்ந்தார். "தலையை நிமிர்த்தவும். சிரிக்க வேண்டாம்" என்றது பெட்டி. வாழ்நாள் முழுக்க அடுத்தவரிடம் சொன்னதைக் கேட்டு அடங்கி உட்கார்ந்தார். வெளியே வந்து விழுந்த படத்தில் ஒரு களைத்த கிழவர் அவரை முறைத்தார். கை பரபரத்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

விசா கிடைத்துவிட்டது. கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினார். எல்லா வாசலிலும் சீருடைக்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, அவரைப் பார்த்து, மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டார்கள்.

அக்கா மகள் வீட்டின் பின்னறையில் ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"அம்மா, யாரு வந்திருக்காங்க பாருங்க. மாமா!"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மரியாதையாகப் புன்னகைத்தாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்து மேசையைக் காட்டினாள். அங்கே அவர் வருடாவருடம் அனுப்பிய படங்கள் சட்டம் போட்டு வரிசையாக நின்றன. ஒன்றிலும் ஒரு சுருக்கமில்லை. எல்லாவற்றிலும் ஒரே வயது.

"என் தம்பி இதோ இருக்கான். தினமும் பாக்கறேனே, எனக்குத் தெரியாதா?" என்றாள். "நீங்க யாரு?"

தன்னை மறந்துபோன அக்காவிடம் வந்து சேருவோமோ என்று பயந்துதான் ஓடி வந்தார். அவள் மறக்கவில்லை. அவர் காட்டிய முகத்தை ஒரு கோடு பிசகாமல் மனதில் வைத்திருந்தாள். அக்கா மகள் பதறி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அக்காவின் எதிரே உட்கார்ந்தார்.

"உங்க தம்பி ஊர்லேர்ந்துதான் வர்றேன்."

அக்காவின் முகம் மலர்ந்தது. நாற்காலியை அருகே இழுத்துப் போடச் சொன்னாள். "நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்க்கா."

அவள் மேசையில் இருந்த படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அவனுக்கும் வயசாகியிருக்குமே?"

"ஆமாக்கா. ரொம்ப ஆயிடுச்சு."

"பாவம்" என்றாள் அக்கா. அவள் கண் நிறைந்துவிட்டது. "எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லவே இல்ல?"