மரகதம் போட்ட பூட்டு

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மரகதத்துக்கு ஓர் ஓட்டு வீடு. தண்டவாள வேலையில் இருந்த கணவர் இறந்தபோது வந்த பணத்தில் கட்டியது. முன்பாதியில் அவள் இருந்தாள். பின்பாதியைச் செங்கல் சூளை மேஸ்திரி கன்னியப்பனுக்கும் அவன் மனைவி பாஞ்சாலிக்கும் வாடகைக்கு விட்டிருந்தாள். அந்த வாடகைதான் அவளுக்குச் சோறு.

எழுபத்தெட்டாம் ஆண்டு மழையில் சூளை நின்றது, வாடகையும் நின்றது. தை பிறந்து சூளை மறுபடி எரிந்தும் வாடகை வரவில்லை. கேட்டால் கன்னியப்பன் சிரிப்பான். “இன்னா யக்கா, ஊரை வுட்டா ஓடிடப் போறேன்?”

மாசியில் இருவரும் குழந்தையோடு பாஞ்சாலியின் தாய்வீட்டுக்கு, செம்பரம்பாக்கம் போனார்கள். முன்னால் மரகதம் இருக்கிறாள் என்று எப்போதும்போல நாதாங்கியை மட்டும் மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கே அவள் கொழுந்தன் முனிரத்தினம் ஒரு பூட்டோடு வந்தான். “இத்த வுட்டா வேற நேரம் கெடைக்காது அண்ணி. பூட்டு. வந்து கால்ல வுழுவான்.”

பூட்டினாள். அந்தத் தைரியத்திலேயே, காலி செய்யவைக்க வழி கேட்டுச் செங்கல்பட்டுக்குப் போனாள். வக்கீல் குமாஸ்தா பாண்டுரங்கன் பேனாவைக் கீழே வைத்தார்.

“யார் முன்னாலம்மா பூட்டுன?”

“யாரும் இல்லீங்க.”

“சரியாப் போச்சு. நாளைக்கு வந்து, உள்ள நகை இருந்துச்சு, காணோம்ங்கிறான். நீ இன்னா சொல்லுவே?”

மரகதம் வாசலுக்குத் திரும்பினாள். “இப்பவே போய்க் கழட்டிடறேன்.”

“தனியா தொட்டுடாதே. நீயே தெறந்து எடுத்துக்கினேம்பான். அவன் வரட்டும், நாலு பேர் முன்னால தெற. அப்புறம் மொறையா நோட்டீஸ், முன்சீப் கோர்ட்டுல மனு. வேணும்னே வாடகை குடுக்கலன்னு கோர்ட்டு நம்பணும். ஆர்டர் வந்தாலும் கோர்ட்டு அமீனாதான் காலி பண்ணுவாரு. நீ பூட்டக்கூடாது.”

திரும்பி வந்தவளிடம் முனிரத்தினம், “நான் யோசனைதானே சொன்னேன், பூட்டுனது நீதானே” என்றான். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

வாடகையைப் பற்றிய கவலை மரகதத்தின் மனதிலிருந்து சுத்தமாகப் போயிருந்தது. பூட்டிய கதவுக்குள் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாத அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. பின்பாதியில் எலி எதையாவது உருட்டினாலும் எழுந்து போய்க் கதவில் காதை வைத்தாள். குழாயடிக்குப் போனால் பாதிக் குடத்தோடு ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். சொந்த வீட்டில் திருடியாக நிற்க வேண்டி வரும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

கன்னியப்பன் வந்ததும் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாளையும் டீக்கடை எல்லப்பனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சாவியை நீட்டினாள்.

“நீயே தெறப்பா.”

அவன் கத்தவில்லை. சாவியை வாங்கவும் இல்லை. “பூட்டுனது நீ. நான் ஏன் தெறக்கணும்?”

பாஞ்சாலி சாவியை வாங்கித் திறந்தாள். அவன் உள்ளே போனான். டிரங்குப் பெட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தான்.

“கொழந்தை கொலுசு பெட்டியில இருந்துச்சு. காணோம்.”

மரகதம் எல்லப்பனைப் பார்த்தாள். எல்லப்பன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

பாஞ்சாலி கைப்பையை இறக்கி வைத்தாள். “எந்தக் கொலுசு? தீபாவளிக்கு அடகு வச்சியே, அதா? எப்ப மூட்டுன, என்கிட்ட சொல்லவே இல்ல?”

“அது... மறந்துட்டேன்.”

“குடிக்க அடகு வச்சது எப்படி ஞாபகம் இருக்கும்” என்றாள் சந்திரம்மாள்.

பாஞ்சாலி சிரிக்கவில்லை. மரகதத்தின் பக்கம் திரும்பினாள். “நீ பண்ணதும் நல்லால்ல யக்கா. நோட்டீஸ் குடு, வாங்கிக்கிறோம்.”

நோட்டீஸ் போனது, வழக்கு இரண்டு மழைக்காலம் ஓடியது. கடைசியில் அமீனா வந்து சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்தபோது மரகதம் முன்பாதியை விட்டு நகரவில்லை. சந்திரம்மாளைத்தான் அனுப்பினாள், எதையும் தொடாமல் நின்று பார்த்துவிட்டு வரும்படி.