அணில்குட்டி செய்யவில்லை

எங்கள் கார்ட்டூனில் வரும் உடும்புக்குக் குரல் கிடைக்காமல் இரண்டு வாரம் தவித்தோம். கடைசியில் அது எங்கள் காலடியிலேயே இருந்தது. லோபாக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில்தான் எங்கள் கார்ட்டூன் வேலை நடக்கிறது. ஒருவர் வரைவார், இன்னொருவர் வரைந்ததை அசைய வைப்பார், நான் கதையும் வசனமும் எழுதுவேன். கீழே கடை நடத்தும் பாய் மதிய நேரத்தில் உள்ளே சமையல்காரரைப் பார்த்து மீ கோரெங் என்று ஒரு குரல் கொடுத்தால் மாடியில் எங்கள் கிளாஸ் தண்ணீர் நடுங்கும். ஒரு நாள் அவர் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்து மைக் முன்னால் நிறுத்தினேன்.

“பாய், நீங்கதான் உடும்பு. எஸ்டேட்டுல வேல வாங்குற மண்டோரு. காலையில பால் வாளியெல்லாம் கெட்டுப்போய்க் கெடக்கு. யாரு செஞ்சதுன்னு கேக்கணும்.”

அவர் தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்டார். கேட்ட கேள்வியில் பக்கத்துக் கடைக்காரர் என்னவோ சண்டை என்று மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

“போதுமா தம்பி, இல்ல இன்னும் கொஞ்சம் கோவமா சொல்லணுமா?” என்றார் பாய், சாந்தமாக.

போதும் என்று தலையாட்டினேன். அதே கேள்வியை, அதே சத்தத்தில், பதினொரு வயதில் ஒரு முறை என் காதால் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பதில் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான்.

லாபு பக்கம் எங்கள் எஸ்டேட். இன்றைக்கு அங்கே செம்பனை, அன்றைக்கு ரப்பர். கோயில் திருவிழாவில் மோர் ஊற்றப் பாத்திரம் போதவில்லை. ரப்பர் பால் எடுக்கிற புது வாளிகள் அப்போதுதான் ஸ்டோருக்கு வந்திருந்தன. மண்டோர் அவற்றில் ஆறை எடுத்து மோருக்குக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் வெந்நீர் ஊற்றி, நார் போட்டுத் தேய்த்து, கவிழ்த்துக் காயவைத்து ஸ்டோரில் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். மறுநாள் காலையில் அதே வாளிகள் பால்மரம் சீவப் போகும் ஆறு பெண்களுக்குப் போக வேண்டியவை. ரப்பர் பாலும் மாட்டுப்பால் மாதிரிதான், புளிப்புப் பட்டால் திரிந்துவிடும். அந்த மோரிலோ உப்பு, எலுமிச்சை, பச்சை மிளகாய் எல்லாம் இருந்தன.

வாளி கழுவுகிற வேலை எனக்கு. ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு டிவியில் கார்ட்டூன். இந்த இரண்டு வரியிலேயே கதை முடிந்துவிட்டது. ஆறு வாளியையும் குழாயடியில் ஒரு முங்கு முங்கி எடுத்து, ஸ்டோரில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்துவிட்டு ஓடினேன். வெந்நீருமில்லை, நாருமில்லை. ராத்திரி முழுக்க அந்த வாளிகள் உள்ளுக்குள்ளேயே புளித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் பள்ளி விடுமுறை. பால் நிறுக்கும் கொட்டகைக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம், நானும் என் தங்கையும். அவளுக்கு ஏழு வயது. முதல் பெண் வந்து வாளியைத் தொட்டியில் சாய்த்தாள். பால் விழவில்லை. இன்னும் சாய்த்தாள். வெள்ளையாக ஒரு மொத்தை எட்டிப் பார்த்து, ஆடி, திரும்ப உள்ளே போய்விட்டது. பிள்ளைகள் எல்லாரும் சிரித்தோம். இரண்டாவது வாளியும் அப்படியே. மூன்றாவது வாளி வருவதற்குள் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“யாரு செஞ்சது?” என்றார் மண்டோர்.

வாளியைக் கழுவியது யார் என்று ஒருவரும் யோசிக்கவே இல்லை. எல்லாத் தலையும் என் தங்கை பக்கம் திரும்பியது. முந்தின வாரம்தான் அவள் சமையலறையிலிருந்து காடியை, அதாவது வினிகரைத் திருடி, கொஞ்சம் ரப்பர் பாலில் ஊற்றி, உறைந்ததை உருட்டிப் பந்து செய்திருந்தாள். அந்தப் பந்து எஸ்டேட் கணக்கெழுதும் கிராணியின் ஜன்னல் வழியாகப் போய் அவருடைய காப்பியில் விழுந்தது. போதாததற்குத் திருவிழா அன்று மோர் வாளிகளைச் சுற்றிச் சுற்றி வந்தவள் அவள்தான். மிச்ச மோர் குடிக்கத்தான் வந்தாள். அதை யார் கேட்டார்கள்?

“நான் செய்யல” என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்து, ஆறு பெண்கள் முன்னாலும் அவளை நிறுத்தினார். ஒவ்வொருவரிடமும் கைகூப்பி, “தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிருங்க” என்று சொல்ல வைத்தார். ஆறு தடவை. நான் தூணுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் தடவையே வாயைத் திறந்திருக்கலாம். அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்தேன். பிறகு ஒரு வாரம் ஆயிற்று, ஒரு வருஷம் ஆயிற்று, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், அதற்குப் பிறகு எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்று ஒட்டிய பெயர் அவளை விடவில்லை. காடிக்காரி. கல்யாணப் பந்தியில் காடிக்காரி. ரெம்பாவில் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்து, சொந்தமாக வீடு வாங்கிய பிறகும் எஸ்டேட்டுக்கு வந்தால் காடிக்காரி. திருவிழாவில் மோர்ப் பொறுப்பை அவளே கேட்டு வாங்கி வருஷா வருஷம் செய்கிறாள். வாளியை வேறு ஒருவரும் கழுவ விடமாட்டாள். இரண்டு தடவை தேய்த்து, உள்ளே மூக்கை விட்டு முகர்ந்து பார்த்த பிறகுதான் மோர் ஊற்றுவாள். அப்போதும் எவனாவது ஒருத்தன், “காடிக்காரி கை பட்ட மோரு, பாத்துக் குடிங்கலா” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வரும்.

சரி, கார்ட்டூனுக்கு வருகிறேன். ஏழு நிமிடக் கதை. எஸ்டேட்டில் மிருகங்கள். அணில்குட்டிக்குப் பந்து செய்கிற பைத்தியம். வாளிப்பால் உறைந்துபோகிறது, உடும்பு மண்டோர் விசாரணை நடத்துகிறார், எல்லாரும் அணில்குட்டியைக் கைகாட்டுகிறார்கள். அப்படியே எங்கள் கதைதான். ஆனால் வாளியைக் கெடுத்தது யார் என்கிற இடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு மூசாங்கைக் கொண்டுவந்தேன். மரநாய். வழியோடு போன மூசாங் ஒன்று வாலை மோரில் விட்டு, அதே வாலைப் பால் வாளியில் விடுகிறது. அண்ணன் அணில் இந்தக் கதையிலேயே கிடையாது. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

அணில்குட்டிக்குக் குரல் கொடுத்தது என் தங்கை மகள். எட்டு வயது, வாய் பதினெட்டு. அவளுக்குப் பழைய கதை தெரியாது. சனிக்கிழமை அவள் அம்மா அவளை எங்கள் மாடியில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். “நான் செய்யல” என்கிற வரியைச் சிறுமி பதினாறு விதமாகச் சொல்லிக் காட்டினாள். பிறகு தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“மாமா, இந்த மோர் வாளிய யாரு கழுவணும்?”

“யாராவது கழுவுவாங்க.”

“யாராவதுன்னா யாரு? எங்க வீட்டுல அம்மா தட்டு கழுவணும்னா என் பேர சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இங்க ஒருத்தரோட வேல அது. அவங்க ஒழுங்கா கழுவியிருந்தா மூசாங் வால விட்டா என்ன, தலைய விட்டா என்ன? அவங்க ஏன் கதையில வரல?”

படம் வரைகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “புள்ள சொல்றது சரிதான்லா” என்றார்.

“இது சும்மா காமெடி” என்றேன்.

“மூசாங் காமெடி இல்ல மாமா. மூசாங் பொய்யி.”

அன்று சாயங்காலம் மூசாங்கைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் அணில் வந்தது. குழாயடியில் ஒரு முங்கு, பக்கத்து வீட்டுக்கு ஓட்டம், டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்காருதல், மறுநாள் தூணுக்குப் பின்னால் ஒளிதல். கை ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனை வருஷத்தில் எழுதும்போது அவ்வளவு பரபரப்பு எனக்கு வந்ததில்லை. எழுதி முடித்துக் கீழே இறங்கிப் பாயிடம் ஒரு தே தாரிக் கேட்டேன். உடும்புக்குப் புதிதாக இரண்டு வரி இருக்கிறது என்றேன். அங்கேயே, தே ஆற்றிக்கொண்டே, கடைக்கு வந்தவர்கள் பயப்படும்படி சொல்லிக் காட்டினார்.

முதன்முதலில் படத்தை எங்கே காட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே எஸ்டேட், அதே திருவிழா, மத்தியானப் பூசை முடிந்ததும் தேவான் என்கிற பொது மண்டபத்தில். ஜன்னல்களில் கோரைப்பாயையும் பெட்ஷீட்டையும் கட்டி இருட்டாக்கினோம். பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில். அம்மா முதல் வரிசையில். என் தங்கை கடைசியில், கதவோரம், மூன்று மோர் வாளிகளோடு. படம் முடிந்ததும் எழுந்து நின்று என் வாயால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் முகத்தில் முழிக்க முடியுமா, அம்மா என்ன செய்வார், ஒன்றும் தெரியாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பந்து கிராணியின் காப்பியில் விழுந்ததும் தேவான் முழுக்கச் சிரிப்பு. கிராணி எங்கள் படத்தில் ஒரு கொக்கு. பிறகு அண்ணன் அணில் வாளிகளை ஒரு முங்கு முங்கியபோது ஒரு சின்னப் பெண், “ஐயே, சோப்பு போடல” என்றாள். பக்கத்தில் இருந்ததுகளும் அதையே சொல்ல ஆரம்பித்தன. நான் திரையைப் பார்க்கவில்லை. கதவோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

உடும்பு வந்தது. “யாரு செஞ்சது?” பாயின் குரலில் தகரக் கூரை அதிர்ந்தது. திரையில் எல்லா மிருகமும் அணில்குட்டியை நோக்கிக் கையை நீட்டின.

“அவ இல்ல” என்று ஒருத்தி கத்தினாள்.

அவ்வளவுதான். தரையில் இருந்த பிள்ளைகள் மொத்தமும் எழுந்துவிட்டன. அவ இல்ல, அவ செய்யல, அண்ணன்தான்லா, தூணுக்குப் பின்னால பாரு, அங்க பாரு. ஒரு பொடிசு திரைக்கே ஓடிப்போய் உடும்பின் தொடையைத் தட்டித் தூணைக் காட்டியது. உடும்புக்குக் காது கேட்கவில்லை, அது பாட்டுக்கு விசாரணை நடத்தியது. பிள்ளைகளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அவ செய்யல, அவ செய்யல” என்று காலால் தரையை உதைத்துக் கத்தினார்கள். அன்றைக்குக் கொட்டகையில் ஒருவர்கூடச் சொல்லாததை ஒரு தேவான் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. தங்கை மெல்ல ஒரு வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

விளக்குப் போட்டதும் அம்மா என் பக்கம் திரும்பினார். எழுபது வயதிலும் கணக்கு தப்பாத மூளை.

“அந்தத் திருவிழா அன்னைக்கு நீ பக்கத்து வீட்டுல டிவி பாத்துக்கிட்டு இருந்த” என்றார்.

“ஆமாம்மா. வாளிய நான்தான் கழுவல. தங்கச்சி ஒன்னும் செய்யல.”

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். அடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னைக்கு நான் அவள ஆறு பேருகிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சேன். இப்ப அதுல ரெண்டு பேருதான் உசுரோட இருக்காங்க. ரெண்டு பேரும் அங்கதான் உக்காந்திருக்காங்க. போ.”

நாற்பத்து மூன்று வயது, முன் வழுக்கை, கையில் ரிமோட். போனேன். முதல் பாட்டியம்மாவுக்குக் காது மந்தம். கைகூப்பி மெதுவாகச் சொன்னேன். “என்னது, பாலா? எந்தப் பாலு?” என்றார். மறுபடி சொன்னேன். “சத்தமா சொல்லுலா” என்றார். மூன்றாவது தடவை நான் சொன்னது வெளியே மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. “அண்ணன் அணிலு இவருதான்” என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். மானம் போனது. அதே நேரம் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கி எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

இரண்டாவது பாட்டியம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நாற்காலியைப் பிடித்து எழுந்து, கதவோரம் போய், என் தங்கையின் கன்னத்தில் கை வைத்தார்.

“இந்தப் புள்ளையவா இத்தன வருஷம் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்” என்றார். அம்மாவும் பின்னாலேயே போய்விட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கிற உரிமையும் எனக்கில்லை.

கூட்டம் கலைந்து, மோரும் தீர்ந்த பிறகுதான் நான் அவளிடம் போனேன். கைகூப்பினேன். அவள் கண் சிவந்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூன்று வாளியையும் காலால் என் பக்கம் தள்ளினாள்.

“வெந்நி அடுப்புல இருக்கு அண்ணே. நாரு கொழாயடியில இருக்கு.”

எவர் கையிலும் கொடுக்காத வாளிகள். தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளைகள் பட்டாளமாகப் பின்னால் வந்து குழாயடியைச் சுற்றி நின்றன. தங்கை மகள் இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்த்தாள். கை சுடச் சுட வெந்நீர் ஊற்றி, நார் போட்டு, அடியும் விளிம்பும் காதும் விடாமல் தேய்த்தேன். முதல் வாளியை நீட்டினேன். தங்கை உள்ளே விரலை ஓட்டினாள். மூக்கை விட்டு முகர்ந்தாள். திருப்பி என் கையில் கொடுத்தாள்.

“இன்னொரு வாட்டி” என்றாள்.

கழுவினேன்.