கண்டமங்கலத்தில் ஓர் அறைக்கு வெள்ளையடித்தார்கள்

நான்கு வருடங்களுக்கு முந்தைய ஆவணி மாதம். திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டில் இருந்தேன். இரண்டாவது குழந்தை வயிற்றில்; ஏழு மாதம் முடிந்து எட்டாவது பிறந்திருந்தது. கூட இருப்பவர்கள் யாரையும் நான் நம்பாத காலம் அது. ஏன் அப்படி ஆனேன் என்பதற்கு முதல் பிரசவத்தைச் சொல்ல வேண்டும்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது வளைகாப்பு முடிந்து விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மாசமாக இருந்தால் நீர் இறங்குவது சகஜம் என்றார்கள். தலைவலி வந்தது. வளைகாப்புக்கு வந்தவர்களின் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார்கள். கடைசியில் கண் முன்னால் மினுக் மினுக்கென்று பூச்சி பறக்கிற மாதிரி இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவே இல்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாள் என்று சிரிப்பார்களோ என்ற கூச்சம். மறுநாள் காலை பாத்ரூம் வாசலில் வலிப்பு வந்து விழுந்தேன். கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. மகள் எங்கோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். இரண்டு பேரும் பிழைத்தது பெரிய விஷயம். பிரஷர் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, தலை வலித்த அன்றே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்.

அன்றிலிருந்து 'சகஜம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று முடிவு செய்ததும் முதலில் அந்த டாக்டரம்மாவைத்தான் போய்ப் பார்த்தேன். தரிப்பதற்கு முன்பே பிரஷர், சர்க்கரை, ரத்தம் எல்லாம் பார்த்தோம். ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வரலாம் என்று, கருத்தரித்த பிறகு தினமும் போட ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். வீட்டுக்கே பிரஷர் மெஷின் வாங்கிவிட்டேன். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பேன். பாலை முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பேன். என் கணவர் சிரிப்பார். செஞ்சி ரோட்டில் ஒரு டூவீலர் ஷோரூமில் அவருக்கு வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்.

ஆறாவது மாதத்தில் பிரஷர் லேசாக ஏறவும் படுத்தே இருக்கச் சொன்னார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருந்ததால் அம்மாவால் விழுப்புரத்தை விட்டு வர முடியாது. என் நாத்தனார் தானாகவே வருவதாகச் சொன்னார். கணவரின் அக்கா. கண்டமங்கலத்தில் வீடு, பக்கத்திலேயே புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. அந்த வேலையை விட்டுவிட்டு, இரண்டு பைகளோடு பஸ் ஏறி வந்து இறங்கினார். அவருக்குக் குழந்தை இல்லை. ஒருமுறை தரித்து ஏழாவது மாதத்தில் போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்குப் பிறகு தங்கவே இல்லையாம்.

எதிர் வீட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளை இல்லாதவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லதில்லை என்று முணுமுணுத்தார். அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனால் என் கண்ணும் அவரைச் சுற்றியே இருந்தது. எழுந்ததும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் வயிற்றைப் பார்ப்பார். தூங்கும்போது கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பார். நான் விழித்துவிட்டால் போர்வையைச் சரி செய்வது போலக் கையை எடுத்துக்கொள்வார். அவர் வந்த வாரத்திலேயே என் மகள் அத்தை, அத்தை என்று அவரோடு ஒட்டிக்கொண்டாள். ராத்திரி அவர் பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம்.

ஒருநாள் மகளின் ரிப்பனைத் தேடி அவர் பையைத் திறந்தேன். அடியில் புடவைக்குள் மடித்து சின்னச் சின்னச் சட்டைகள். பிறந்த குழந்தைக்குப் போடுகிற, முன்பக்கம் முடிச்சுப் போடும் சட்டைகள். குழந்தை பிறப்பதற்கு முன் எங்கள் பக்கம் துணி வாங்க மாட்டோம். அதுவும் வாங்கி ஒளித்து வைப்பானேன்? இருந்தது இருந்தபடி மூடி வைத்துவிட்டேன்.

அந்த வாரமே அவர் கொல்லைப்பக்கம் துணி காயப்போட்டபடி தன் வீட்டுக்காரரிடம் போனில் பேசியது காதில் விழுந்தது.

"உள்ரூமுக்கே வெள்ள அடிங்க. அங்கதான் காத்து வரும், புள்ள தூங்கும். தம்பிகிட்ட கேட்டுக்கினுதான் கீறேன். அவகிட்ட இப்ப யாரும் வாயத் தொறக்க வேணாம்."

எந்தப் பிள்ளை? தம்பியிடம் எதைக் கேட்டார்? இரண்டாவதைப் பிள்ளை இல்லாத அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பெற்றவளைக் கேட்டுக்கொண்டா கொடுத்தார்கள்? அன்று இரவு கணவரிடம், அக்கா உங்களிடம் ஏதாவது கேட்டாரா என்று சுற்றி வளைத்தேன். என்ன கேட்கப் போகிறார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் அப்படித் திரும்பிப் படுத்ததே எனக்குப் பதிலாக இருந்தது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவர் இன்னும் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் குழந்தையை அவள் கையில் கொடுக்காதே, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள் என்றார். அதன் பிறகு நாத்தனார் கொடுத்த கேப்பைக் கஞ்சியைக் கூட அவர் பார்க்காத நேரம் கீழே கொட்டினேன். உப்பைக் குறைத்தால், ருசியில்லாமல் போட்டு என்னைப் பட்டினி போடுகிறார் என்று தோன்றும். மெஷினில் பிரஷர் ஏறியிருந்தால், அவர் எதையாவது கலந்துவிட்டாரோ என்று தோன்றும். நேருக்கு நேர் கேட்டுவிடலாம் என்று பலமுறை வாய் வரை வரும். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? கணவரும் அவர் பக்கம் நின்றால்? அந்தப் பயத்தில் விழுங்கிக்கொள்வேன்.

கணவர் கம்பெனி மீட்டிங் என்று சென்னைக்குப் போயிருந்த அன்றுதான் அது நடந்தது. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மேல் வயிற்றில், வலது பக்க விலாவுக்குக் கீழே, பிடித்து முறுக்குவது போல ஒரு வலி. குமட்டல். மெஷின் வைத்துப் பார்த்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அப்படியானால் இட்லியில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, வலியைக் காட்டிக்கொள்ளாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்து என் முகத்தைப் பார்த்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். கேஸ்தான், ஒன்றுமில்லை என்றேன். அவர் நகரவில்லை. என் கையை எடுத்துவிட்டு, தன் கையைச் சரியாக அந்த இடத்தில் வைத்தார். நான் துள்ளிவிட்டேன். அவர் முகம் வெளுத்துப் போனது. எழுந்து போய்க் கார் வைத்திருக்கும் தெருக்காரருக்குப் போன் போட்டார். மகளை எதிர் வீட்டில் விட்டுவிட்டு, என்னைக் கைத்தாங்கலாக ஏற்றி, புதுச்சேரிக்கு ஜல்தியாகப் போகச் சொன்னார்.

புதுச்சேரி என்றதும் எனக்குள் இருந்தது எல்லாம் ஒரேயடியாகப் பொங்கிவிட்டது. என் டாக்டர் விழுப்புரத்தில் இருக்கிறார். கணவர் ஊரில் இல்லை. இவர் தன் வீட்டுப் பக்கம் என்னைக் கொண்டு போகிறார்.

"அங்க வேணாம். விழுப்புரம் போகச் சொல்லுங்க. எம்புள்ளைய நான் உங்களுக்குத் தர மாட்டேன், அண்ணி."

காரை ஓட்டியவர் திரும்பிப் பார்த்தார். அங்கே பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றனவே என்றுதான் சொன்னேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, விழுப்புரத்துக்கே விடும்படி நாத்தனார் டிரைவரிடம் சொன்னார். டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கிளம்பிவிட்டோம் என்று சொல்லிவிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மேம்பாலம் தாண்டி ஹைவேயில் ஏறிய பிறகுதான் மெதுவாகப் பேசினார்.

"கேட்டேன்தான். பொய் சொல்ல மாட்டேன். நீ மாசமா இருக்கேன்னு தெரிஞ்ச அன்னிக்கே தம்பிகிட்ட கேட்டேன். அவன் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. இங்க வந்து உன்னோட இருந்தப்புறம் உங்கிட்ட கேக்க வாய் வரல. எங்க வீட்டுக்காரரு ரூமுக்கு வெள்ள அடிச்சிக்கினு கீறாரு, நாந்தான் அடிக்கச் சொன்னேன். அவருகிட்ட வேணாம்னு இன்னும் சொல்ல முடியல."

வலியில் கண்ணை மூடிக்கொண்டேன். கார் விக்கிரவாண்டி தாண்டும்போது அவரே மறுபடியும் சொன்னார்.

"எனக்கும் இங்கதான் வலிச்சுது. கேஸுன்னு ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்தேன். எழுந்து ஆஸ்பத்திரிக்கு வான்னு சொல்ல யாரும் இல்ல."

அவர் குழந்தை எப்படிப் போனது என்று இத்தனை வருடத்தில் நான் ஒருமுறை கூடக் கேட்டதில்லை. கணுக்காலை ஏன் அழுத்திப் பார்த்தார், கஞ்சியில் ஏன் உப்பைக் குறைத்தார் என்பதெல்லாம் அந்தக் காரில்தான் எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்ததும் டாக்டரம்மா ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. பிரஷர் ஈரலைப் பிடித்துவிட்டது, இப்போதே குழந்தையை எடுத்தாக வேண்டும் என்றார். இன்னும் சில மணி நேரம் வீட்டில் படுத்திருந்தால் இரண்டு பேரையும் காப்பாற்றுவது கஷ்டமாகியிருக்கும் என்று பிறகு சொன்னார். மதியம் மகன் பிறந்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முதுகு. அழுதான், ஆனால் மூச்சு சீராக இல்லை. பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைக்கு வேறு இடம் போக வேண்டும், புதுச்சேரியில் படுக்கை இருக்கிறது, ஆம்புலன்சில் கூட யார் வருகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டார்.

அப்பாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு அம்மா ஓடி வந்திருந்தார். நான் போகிறேன் என்று முன்னால் வந்தார். என் காதருகே குனிந்து, அவளோடு மட்டும் அனுப்பாதே என்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. பதற்றம் வந்தால் தன் போன் நம்பரே மறந்துவிடும். கதவோரம் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். வருகிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். மனதில் சந்தேகம் அப்போதும் போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் என் வலியின் இடத்தைச் சரியாகத் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

"அண்ணி, நீங்க போங்க" என்றேன்.

அந்த ஆம்புலன்ஸ் கண்டமங்கலத்தைத் தாண்டித்தான் புதுச்சேரிக்குப் போக வேண்டும். சாயங்காலம் முழுக்க அவர் போனை எடுக்கவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். எனக்குக் கண்ணை மூடினால் வெள்ளையடித்த ஓர் அறை தெரிந்தது. சென்னையிலிருந்து நேராகப் புதுச்சேரிக்குப் போன கணவர் விளக்கு வைக்கும் நேரத்தில் கூப்பிட்டார். குழந்தை தேறி வருகிறானாம். உள்ளே செல்போன் கொண்டு போகக் கூடாது என்று அக்காவின் போனை வாங்கி வைத்துவிட்டார்களாம். அக்கா போன நேரத்திலிருந்து அந்த வார்டு கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறாராம், தண்ணீர் கூடக் குடிக்கவில்லையாம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கணவரின் போனிலிருந்து நாத்தனார் பேசினார்.

"குழந்தைய நெஞ்சோட வச்சி சூடு குடுக்கச் சொல்றாங்க. தம்பி பயந்துக்கினு மாட்டேன்றான். நீ சொல்லாம நான் தூக்க மாட்டேன். வச்சிக்கட்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வச்சிக்கோங்க அண்ணி என்றேன். பக்கத்தில் இருந்த அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

எனக்குத் தையல் பிரித்து, நடக்க முடிந்ததும் புதுச்சேரிக்குப் போனேன். அதுவரை தினமும் அவர்தான் மணிக்கணக்கில் மகனை மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, குழந்தையை என் மடியில் வைத்து, கை கால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள் என்று சிரித்தார். அன்று மதியமே பஸ் ஏறித் தன் வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்காரரிடம் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

கணவரோடு பிறகு பெரிய சண்டை போட்டேன். அக்காவிடம் எப்படி முடியாது என்று சொல்வது, நாளாக நாளாக அவரே மறந்துவிடுவார் என்று நினைத்தேன் என்றார். அவர் அன்றே ஒரு பதில் சொல்லியிருந்தால் அங்கே ஒரு மனிதர் அறைக்கு வெள்ளையடித்திருக்க மாட்டார், இங்கே நான் கஞ்சியைக் கீழே கொட்டியிருக்க மாட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தணியவில்லை. போன வருடம் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் சட்டப்படி தத்தெடுக்கப் பதிவு செய்தார்கள். என் கணவர்தான் கூடப் போய் அலைந்தார். காத்திருக்கிறார்கள்.

இப்போது யாராவது தோழி மாசமாக இருக்கிறேன் என்றால், உடம்பில் எது வித்தியாசமாகத் தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல்லு, யார் சிரித்தாலும் பரவாயில்லை என்பேன். வீட்டு மனிதர்கள் மேல் சந்தேகம் வந்தால் அதையும் அன்றே முகத்துக்கு நேராகக் கேட்டுவிடு என்று சேர்த்துச் சொல்வேன். நான் சந்தேகப்பட்டது பொய்யில்லை, அண்ணி என் பிள்ளைக்கு ஆசைப்பட்டது நிஜம்தான். அவ்வளவு ஆசையை மனதில் வைத்துக்கொண்டே ஒருவரால் அந்தப் பிள்ளையைப் பெற்றவளிடம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க முடியும் என்பதை, மகன் அத்தை வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.