இல்போ கட்டிய கெர்னல்

கல்லியோலக்தி சுடுநீர் நிலையத்தில் இல்போ ரவுத்தகோஸ்கியைக் கண்டால் யாருக்கும் ஆகாது. அவனுக்கும் யாரைக் கண்டாலும் ஆகாது. காபி அறைக்குள் அவன் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கோப்பையை நிரப்பிக்கொண்டு அவன் வெளியேறிய பிறகுதான் மறுபடி தொடரும். இதை அவன் அவமானமாக நினைத்ததே இல்லை. வாயாடிகளிடமிருந்து தப்பிக்க நல்ல வழி என்றுதான் நினைத்தான்.

நிலையத்தின் கொதிகலன்களிலிருந்து ஊர் முழுக்கக் குழாயில் சுடுநீர் போகும். சுவரோர ரேடியேட்டர்களில் ஓடி வீடு, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் எல்லாவற்றையும் சூடாக வைத்திருப்பது அந்தத் தண்ணீர்தான். பம்புகளை ஆட்டிவைப்பது அடித்தளத்தில் இருக்கும் ஒரு சாம்பல் நிறக் கணினி. அதில் யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளம் ஓடியது. ஆனால் கணினிக்கும் பம்புகளுக்கும் நடுவில் இருந்த கட்டுப்பாட்டு அட்டையைச் செய்த கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. இயங்குதளத்தோடு வரும் கெர்னலுக்கு அந்த அட்டையை அடையாளமே தெரியவில்லை. இரும்புக்கும் நிரல்களுக்கும் நடுவே நின்று இரண்டையும் பேசவைப்பது கெர்னல்தான். அதற்கே தெரியாவிட்டால் பம்பு அசையாது.

இளவயதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், இல்போ அதற்கு ஒரு வழி செய்தான். "இது ஆகாது, புதுசு வாங்கணும்" என்று சொன்ன மேலிடத்தின் வாயை மூடுவதற்காகவே ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, அட்டையோடு பேசும் நிரலைத் தானே எழுதினான். அதைக் கெர்னலுக்குள் நுழைத்து, வேண்டாததையெல்லாம் வெட்டியெறிந்து, தனக்கென்று ஒரு கெர்னலைக் கட்டினான். இயங்குதளத்தின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அவனே அதை மறுபடி கட்டுவான். அதற்குத் தனிப்பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வைத்தால் எவனாவது என்னவென்று கேட்பான். நிரலின் சோர்ஸ், அதாவது மூல வரிகள், அவன் சாவிக்கொத்தில் தொங்கிய பென் டிரைவில் மட்டும் இருந்தன. கேட்டவர்களிடம் மெஷினிலேயே இருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தான்.

இந்த நிலையில்தான் டாம்பெரே நகரத்திலிருந்து துயிரெ ஹல்மெலா தொழில்நுட்பத் தலைவியாக வந்து சேர்ந்தாள். முதல் நாளே அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள்.

"இது சர்வர் ரூமா, மியூசியமா?"

"மியூசியம்னா டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கணும்" என்றான் இல்போ, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த ஊரில் முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் நீ என்றுதான் பேசிக்கொள்வார்கள். மறுநாள் முதல் துயிரெ அவனை மட்டும் நீங்க என்று அழைக்க ஆரம்பித்தாள். அங்கே நீங்க என்றால் ஆளைத் தள்ளிவைப்பது. கொதிகலன் ஆட்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இல்போவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோனது. துயிரெ மின்னஞ்சல் அனுப்பினாள். அவன் பதில் போடவில்லை. மறுபடி இறங்கி வந்தாள்.

"எப்ப மாத்தப் போறீங்க?"

"இப்ப ஓடுதுல்ல?"

"கதவைத் திறந்து போட்டுட்டு வீடு நிக்குதுல்லன்னு சொல்ற மாதிரி இருக்கு. திருட்டுப்பய ஒருத்தன் வெளியிலிருந்து உள்ள நுழைஞ்சா ஊரே விறைக்கும்."

"கெர்னல் என்னுது. கை வச்சா என் கைதான் வைக்கும். வைக்கிறப்போ வைக்கும்."

"உங்களுதா? எழுதினப்போ சம்பளம் யாரு குடுத்தா?"

"சம்பளம் வேலைக்குக் குடுத்தாங்க. இது கோவத்துல எழுதினது. கோவத்துக்கு யாரும் குடுக்கல."

இலையுதிர் விடுமுறை வந்ததும் இல்போ மனைவி மர்கெத்தாவோடு ஏரிக்கரைக் குடிசைக்குப் போனான். தான் இல்லாத நேரத்தில் துயிரெ கை வைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனான். வைக்கட்டும் என்று உள்ளூர ஆசையும் இருந்தது.

அவன் எதிர்பார்த்த நாளுக்கு முன்பே அது நடந்தது. காலையில் வெளியே தீ மூட்டி சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தபோது மேசைமேல் போன் துடித்தது. துயிரெயின் எண்ணை அவன் 'டாம்பெரே' என்று பதிந்து வைத்திருந்தான். பார்த்துவிட்டுச் சாஸேஜைத் திருப்பிப் போட்டான். போன் அடங்கியது. மறுபடி துடித்தது. அவன் கடுகு விழுதைப் பிதுக்கித் தொட்டுக்கொண்டு நிதானமாகத் தின்றான். அந்த வருடத்தில் அவன் தின்றதிலேயே ருசியான சாஸேஜ் அதுதான்.

"யாரு?" என்றாள் மர்கெத்தா.

"யாருமில்ல."

"யாருமில்லாதவங்க இத்தனை தடவை கூப்பிட மாட்டாங்க."

அப்போது அவளுடைய போன் அடித்தது. அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். பேசி முடித்துவிட்டு வந்து அவன் எதிரில் நின்றாள்.

"இல்லத்துல ரேடியேட்டர் எல்லாம் ஆறிக்கிட்டு வருதாம். போர்வை எடுத்துப் போத்திக்கிட்டிருக்காங்க. உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"அவ கை வைப்பான்னு தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு இங்க உக்காந்து தின்னுக்கிட்டிருக்க."

"அவ இழுத்து விட்டது. அவ அனுபவிக்கட்டும்."

"அவளுக்கா குளிருது? நான் குளிப்பாட்டிவிடுற கிழங்களுக்குக் குளிருது." அவள் கார்ச் சாவியை எடுத்தாள். "நான் கிளம்புறேன். வர்றதுன்னா வா. இல்லேன்னா ஏரிகிட்ட பேசிக்கிட்டு இரு. அது ஒன்னுதான் உன்னைப் பதிலுக்குத் திட்டாது."

அவன் போனான். வழியெல்லாம் இல்போ நினைத்துக்கொண்டிருந்தது கிழவர்களைப் பற்றி அல்ல, துயிரெயின் முகம் எப்படி இருக்கும் என்பதைப் பற்றித்தான்.

நிலையத்தில் கொதிகலன் ஆட்கள் வால்வுகளைக் கையால் திருகிக்கொண்டிருந்தார்கள். வியர்வையில் நனைந்த ஒருவன் இல்போவைப் பார்த்ததும் தரையில் துப்பினான். அடித்தளத்தில் துயிரெ திரைமுன் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"சோர்ஸ் எங்க?"

"எந்த சோர்ஸ்?"

"நடிக்காத. மெஷின்லயே இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்க. முழுக்கத் தேடிட்டேன். ஒரு எழுத்து இல்ல."

அவள் நீ என்றதை அவன் கவனித்தான். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

"பழைய கெர்னலை ஒரு காப்பி எடுத்து வச்சிருப்பியே, பெரிய தலைவி?"

துயிரெயின் காது சிவந்தது. "முதல் தடவை அப்கிரேடு பாதியில நின்னுச்சு. திருப்பி ஓட்டினேன். பழைய காப்பி மேலயே புதுக் காப்பி விழுந்துடுச்சு. உன் கெர்னலுக்குன்னு ஒரு பேரு வச்சிருந்தா அது ஒதுங்கிப் போயிருக்கும். கூட வர்ற கெர்னலோட பேரையே வச்சு மறைச்சு வச்சிருக்க. அப்கிரேடு அதைத் தூக்கிப் போட்டுட்டுத் தன்னோடதை வச்சிருச்சு."

"படிச்சுப் பாத்துட்டுல்ல ஓட்டணும்?"

"எதைடா படிக்க? எழுதி வச்சிருந்தாத்தானே?"

இல்போ சாவிக்கொத்திலிருந்து பென் டிரைவைக் கழற்றினான். அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெறுப்பு அவன் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருந்தது. அவளை விலக்கிவிட்டு உட்கார்ந்தான். பழைய நிரலைப் புதிய பதிப்பின் மூலத்துக்குள் வைத்துக் கட்டும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தான். திரை ஓடியது, ஓடியது, நின்றது. அவனுடைய நிரல் கூப்பிட்ட ஒரு செயல்பாடு புதிய பதிப்பில் இல்லவே இல்லை. அதன் இடத்தில் வேறொன்று வந்திருந்தது. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே மாற்றி எழுதினான். கட்டி முடிந்தது. கணினி மறுபடி எழுந்தபோது அட்டையைத் தொட்ட இடத்தில் அப்படியே விறைத்து விழுந்தது.

மறுபடி எழுதினான். மறுபடி விழுந்தது. அவன் எழுதியதில் தவறு இருக்க முடியாது என்று அவனுக்கு உறுதியாகத் தெரியும். அதனால்தான் தவறு எங்கே என்று தெரியவில்லை.

பின்னால் நின்ற துயிரெ காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "பூட்டைச் செய்யறதுக்கு முன்னாடி கதவைப் பூட்டச் சொல்ற. பூட்டைச் செய்யற வரி மேல போகணும்."

"வாயை மூடு."

"மூடிக்கிறேன். கிழங்க விறைக்கட்டும். உன் பொண்டாட்டி போர்த்திவிடுவா."

அவன் அந்த வரியைப் பார்த்தான். அவள் சொன்னது சரி. எழுந்து சுவரோரம் போய் நின்றான். துயிரெ உட்கார்ந்து வரியை மேலே தூக்கினாள். கூடவே இன்னொன்றை அழித்தாள்.

"அதை எதுக்கு அழிச்ச?"

"சும்மா காத்துக்கிட்டு நிக்குது. எதுக்கும் உதவாத வரி. எழுதினவன் மாதிரியே."

இல்போ தடுக்கவில்லை. கட்டி முடித்து எழுப்பினாள். கணினி விழவில்லை. ஆனால் அட்டையும் பதில் சொல்லவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அட்டையைத் தட்டி எழுப்பினா அதுக்குக் கண்ணைக் கசக்க நேரம் வேணும்" என்றான். "அதுக்குத்தான் அந்த வரி."

"அப்பவே சொல்றதுக்கென்ன, பெர்க்கலே!" என்று அந்த ஊர் வசவோடு சீறினாள்.

"நீ கேக்கலையே."

அவள் கோப்பையைத் தூக்கி எறியப் போகிறாள் என்றுதான் நினைத்தான். எறியவில்லை. அழித்த வரியைத் திரும்ப எழுதினாள், விசைகளை ஒவ்வொன்றாகக் குத்தி. இந்தத் தடவை அட்டை பேசியது. மேலே பம்புகள் உறுமும் சத்தம் தரைவழியாகக் காலில் ஏறியது. கொதிகலன் ஆட்கள் கத்தினார்கள். கீழே இருந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. துயிரெ கோட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

விடுமுறை முடிந்ததும் நிர்வாகி ராய்மோவிடம் இரண்டு புகார்கள் போயின. மூலத்தைக் கம்பெனிக்குத் தெரியாமல் சாவிக்கொத்தில் ஒளித்து வைத்தான் என்று ஒன்று. பொறுப்பாளன் இல்லாதபோது கை வைத்து ஊரைக் குளிரவைத்தாள் என்று இன்னொன்று. ராய்மோ இரண்டையும் படித்துவிட்டு இருவரையும் நிற்கவைத்தான்.

"ரெண்டும் உண்மைன்னு தெரியுது. ரெண்டு பேரையும் வெளிய அனுப்பினா மெஷினைப் பாக்க ஆள் இல்ல. சோர்ஸை ரெண்டு பேரும் பாக்குற இடத்துல போடுங்க. கெர்னலுக்கு ஒரு பேரு வைங்க. ஒரே ரூம்ல உக்காருங்க. என் காதுல சத்தம் விழக்கூடாது."

கெர்னலுக்குத் துயிரெ 'முள்' என்று பெயர் வைத்தாள். இல்போ மறுக்கவில்லை. அறையில் இரு மேசைகளுக்கும் நடுவே ஒரு இரும்பு அலமாரியை அவனே நகர்த்தி வைத்தான். குளிர்காலம் முழுக்க அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் அவன் நிரலில் குறை கண்டுபிடித்தாள், இந்தப் பக்கமிருந்து அவன் அவள் திருத்தத்தைக் கிழித்தான். கெர்னல் முன்னைக்காட்டிலும் நன்றாக ஓடியது. அதை இருவருமே தம்மால்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த கோடையில் துயிரெ பிடிவாதமாக நின்று புதிய கட்டுப்பாட்டு அட்டையை வாங்க வைத்தாள். இயங்குதளத்தோடு வரும் கெர்னலே அதை அடையாளம் கண்டுகொண்டது. 'முள்'ளுக்கு இனி வேலை இல்லை. இல்போ அதற்காக அவளை மன்னிக்கவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. சில மாதங்களில் அவளுக்கு ஓலு நகரத்தில் பெரிய வேலை கிடைத்தது. வழியனுப்பக் காபி அறையில் கேக் வெட்டினார்கள். இல்போ அந்த நேரத்தில் அடித்தளத்தில் இருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவும் இல்லை.

வசந்தத்தில் அடுத்த பதிப்பு வந்தது. அவன் ஒரே ஒரு கட்டளையைத் தட்டினான். கெர்னல் தானாக இறங்கி, தானாக உட்கார்ந்தது. கணினி எழுந்தது. பம்புகள் நிற்கவே இல்லை. கோப்பையில் காபி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் புதிதாக வந்தவன், "அருமையா பண்ணிட்ட" என்றான்.

"இதுல பண்றதுக்கு என்ன இருக்கு, முட்டாள்" என்றான் இல்போ.